ஒற்றை மட்டை

கோல்ஃப் விளையாட்டில் ஒரு சொல் வேடிக்கை உண்டு. பந்தை அடிக்கிற கோலுக்கும் கிளப் என்றுதான் பெயர். அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு போய் ஆடுகிற சங்கத்துக்கும் கிளப் என்றுதான் பெயர். ஒன்று கையில் இருக்க வேண்டும், இன்னொன்று உள்ளே விட வேண்டும். இரண்டும் இருந்தால்தான் ஆட்டம். குழப்பம் வராமல் இருக்க, கோலை மட்டை என்றும் சங்கத்தைக் கிளப் என்றும் இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

திருமலைக் கல்வெட்டு, குந்தவை ஜினாலயம், ஆரணிப் பட்டு என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று கோல்ஃப் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நம் பக்கத்தில் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் குடும்பம். மகன் தறியை விட்டுவிட்டு பெங்களூருக்குப் போய், ஊருக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். அவருடைய பையனுக்குப் பதினொரு வயது. அப்பாவோடு மைதானத்துக்குப் போய் யாரோ கொடுத்த ஒரு பழைய மட்டையால் அடித்துப் பழகியிருக்கிறான். அங்கே சொல்லிக்கொடுக்கிறவர் பார்த்துவிட்டு, "பையனுக்குக் கை இருக்கு, ஒரு செட் வாங்கிக் கொடுங்க" என்றாராம். கடையில் விலை கேட்டால் புது செட் இவர்களுடைய பல மாச வருமானத்தை விழுங்கும் போலிருக்கிறது. தாத்தா என்னிடம் வந்தார். "சார், நீங்கதான் ஊட்டியில எல்லாம் வேலை பாத்தவரு. வட்டிக்கு வாங்கியாவது எடுத்துக் கொடுக்கலாமா?"

நான் கோல்ஃப் ஆடியவனில்லை. தபால் துறையில் இருந்தபோது உதகையில் மூன்று வருஷம் இருந்தேன், அவ்வளவுதான். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பணமில்லாத வீட்டுப் பையன்கள் இந்தப் பணக்கார ஆட்டத்துக்குள் எப்படி நுழைந்தார்கள், முதல் மட்டை அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு வாரம் போனதே தெரியவில்லை.

முதலில் இந்த ஆட்டம் நம் நாட்டுக்கு வந்த கதை. வெள்ளைக்காரர்கள் கல்கத்தாவில் 1829-லேயே கோல்ஃப் கிளப் வைத்துவிட்டார்கள். பிரிட்டனுக்கு வெளியே இன்றுவரை நிலைத்திருக்கும் கிளப்புகளில் அதுதான் மிகப் பழையது என்கிறார்கள். பெங்களூரில் 1876, கொடைக்கானலில் 1895. சென்னையில் ஜிம்கானா கிளப் 1884-ல் ஏற்பட்டது, அதன் கோல்ஃப் மைதானம் கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்கு உள்ளேயே அமைந்தது. மலையில் வெயிலுக்குப் பயந்து போனவர்கள் கூடவே இதையும் எடுத்துப் போனார்கள், உதகையில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் இன்றும் அந்த மைதானம் இருக்கிறது.

துரை ஆட வந்தால் பையைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கேடி என்று பெயர். பக்கத்து ஊர்ப் பையன்கள்தான் கேடிகள். பந்து எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும், எந்த மட்டை கேட்பார் என்று தெரிந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நுணுக்கம் முழுவதும் ஆடுகிறவரைவிட இவர்களுக்கு அத்துப்படி. ஆட மட்டும் அனுமதி கிடையாது.

நான் உதகையில் இருந்தபோது இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து அந்தப் பக்கம் நடக்கப் போவேன். உறுப்பினர்கள் எல்லாரும் கிளம்பின பிறகு, இருட்டுவதற்கு முன் இருக்கிற அரை மணி நேரத்தில், நாலைந்து கேடிப் பையன்கள் ஓரமாக ஆடிக்கொண்டிருப்பார்கள். நாலைந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு இரும்பு மட்டை. ஒருவன் அடித்துவிட்டு அடுத்தவனிடம் கொடுப்பான். கைப்பிடியில் தோல் போய், சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்கள். பந்து பறக்கிற சத்தத்தை வைத்தே, பார்க்காமலேயே, "புதர்ல போச்சுடா" என்பான் இன்னொருவன். சரியாகப் புதரில்தான் போயிருக்கும்.

இந்த ஆட்டத்தில் முதலில் விலை இறங்கியது மட்டைக்கல்ல, பந்துக்கு. அது நம் ஆரணிக்காரர்களுக்கு ரொம்பப் பழக்கமான கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பந்து என்றால் தோல் உறைக்குள் வாத்து இறகைத் திணித்துத் தைத்தது. ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு. வேகவைத்து, இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி உள்ளே அடைக்க வேண்டும். நல்ல கைக்காரன் ஒரு நாளைக்கு மூன்று நான்கு பந்துதான் செய்ய முடியும். மழையில் நனைந்தால் பந்து பாழ். அதனால் வசதி இருந்தவர்கள்தான் நிறைய ஆட முடிந்தது.

1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பந்து வந்தது. மலேயாக் காட்டு மரத்தின் பால், ரப்பருக்குச் சித்தப்பா மாதிரி. வெந்நீரில் போட்டு இளக்கி உருட்டினால் பந்து. உடைந்தால் மறுபடி இளக்கி உருட்டிக்கொள்ளலாம். இதை முதலில் உருட்டியவர் பேட்டர்ஸன் என்ற ஒரு ஸ்காட்லாந்துக்காரர் என்றும், கிழக்கிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்த ஒரு விஷ்ணு சிலையைச் சுற்றி அடைத்து வைத்திருந்த மரப்பாலில்தான் உருட்டினார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, பெருமாள் அங்கேயும் போய் ஒரு காரியம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆலன் ராபர்ட்ஸன் என்று ஒருவர். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், தொழில் இறகுப் பந்து செய்வது. அவரிடம் தொழில் பழகியவர் டாம் மாரிஸ். புதுப் பந்து வந்ததும் ராபர்ட்ஸனுக்கு வயிற்றில் நெருப்பு. கண்ணில் பட்ட மரப்பால் பந்துகளை வாங்கி நெருப்பில் போட்டார் என்றுகூடச் சொல்வார்கள். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் கையில் பந்து தீர்ந்துபோய், டாம் மாரிஸ் யாரோ கொடுத்த மரப்பால் பந்தால் ஆடிவிட்டார். செய்தி முதலாளி காதுக்குப் போனது. இருவரும் பிரிந்தார்கள். மாரிஸ் பிறகு தனியாகக் கடை வைத்து, பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை நாலு முறை ஜெயித்தார். ராபர்ட்ஸனும் கடைசியில் மரப்பால் பந்தே செய்ய ஆரம்பித்தார், வேறு வழியில்லை.

விசைத்தறி வந்தபோது நம் தெருக்களில் நடந்த சண்டைகள் உங்களுக்கு நினைவிருக்கும். அப்பனும் பிள்ளையும் பேசாமல் இருந்த வீடுகளை எனக்குத் தெரியும். ராபர்ட்ஸன் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த மலிவுப் பந்து வந்த பிறகுதான் ஸ்காட்லாந்தில் சாதாரண வேலைக்காரர்கள் நிறையப் பேர் மைதானத்துக்கு வந்தார்கள் என்பதும் உண்மை.

மட்டைக்கு வருகிறேன். பழைய மட்டையின் தண்டு மரம். அமெரிக்காவிலிருந்து வரும் ஹிக்கரி என்ற மரம், வளையும் ஆனால் ஒடியாது. ஒவ்வொரு தண்டும் ஒரு மாதிரி இருக்கும் என்பதால் நல்ல ஆட்டக்காரர்கள் நூறு தண்டைத் தடவிப் பார்த்து ஒன்றை எடுப்பார்களாம். பாவுக்கு நூல் தடவிப் பார்க்கிற நம் பெரியவர்கள் மாதிரி. 1920-களில் எஃகுத் தண்டு வந்தது. அமெரிக்கா முதலில் ஏற்றுக்கொண்டது, பிரிட்டன் முரண்டு பிடித்து 1929-ல் ஒப்புக்கொண்டது. தொழிற்சாலையில் ஒரே அச்சாக வார்க்க முடிந்ததும் ஒரு காரியம் நடந்தது. ஒவ்வொரு மட்டைக்கும் மாஷி, நிப்ளிக் என்று பெயர் இருந்தது போய் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வந்தது. எண் வந்தால் வரிசை, வரிசை வந்தால் செட். கடைக்காரனுக்குக் கொண்டாட்டம். பணம் இருந்தவர்கள் இருபது, இருபத்தைந்து மட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். தூக்குகிறவன் யார்? கேடிப் பையன்தான். கூத்து பொறுக்காமல் 1938-ல் அமெரிக்கச் சங்கமும் அடுத்த வருஷம் பிரிட்டிஷ் சங்கமும் ஒரு விதி போட்டன. ஒருவர் 14 மட்டைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த 14 என்ற எண்ணைத்தான் கடைக்காரர்கள் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். "செட்டுன்னா பதினாலு சார்" என்று அந்தத் தாத்தாவிடமும் சொல்லியிருக்கிறார்கள். விதியை நன்றாகப் படித்தால் அது மேல் வரம்பு. குறைந்தது இத்தனை வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஒரே மட்டையோடு வந்து ஆடினாலும் ஆட்டம் செல்லும்.

ஆடினவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் வீமெட் என்று ஒரு பையன், 1893-ல் பிறந்தவன். கூலிவேலைக் குடும்பம், வீடு புரூக்லைன் என்ற ஊரில் பெரிய கிளப்புக்கு எதிரே. அண்ணனும் தம்பியும் கேடிகள். புதரில் தொலைந்து கிடக்கும் பந்துகளைப் பொறுக்கிச் சேர்த்து, அவற்றை ஒரு கடையில் கொடுத்து அதற்குப் பதிலாக ஒரு மட்டை வாங்கினார்கள். வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி ஆடிப் பழகினார்கள். அந்தத் தம்பி 1913-ல், தன் இருபதாவது வயதில், அதே எதிர்வீட்டு மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓப்பனில் வார்டன், ரே என்ற இரண்டு இங்கிலாந்து ஜாம்பவான்களைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினான். அன்று அவனுக்குப் பை தூக்கியவன் எட்டி லோவரி என்ற பத்து வயதுப் பொடியன்.

ஸ்பெயினில் பெட்ரேனா என்ற கடலோர கிராமத்தில் செவே பாலஸ்டிரோஸ். 1957-ல் பிறந்தவர். இவருக்கு முதலில் கிடைத்தது மட்டைகூட இல்லை, தண்டு போன ஒரு இரும்புத் தலை. அதில் குச்சியைச் செருகி, கூழாங்கல்லைப் பந்தாக்கி அடித்தார். எட்டு வயது வாக்கில் அண்ணன் ஒரு மூன்றாம் எண் அயன் கொடுத்தார். அந்த ஒரே மட்டையை வைத்துக் கடற்கரை மணலில் எல்லா விதமான அடிகளையும் தானே கண்டுபிடித்தார். மூன்றாம் எண் என்பது பந்தைத் தாழ்வாக, தூரமாக அனுப்புவது. அதைக்கொண்டு உயரமாகத் தூக்குவதும் மெதுவாக வைப்பதும் சாதாரண வித்தையில்லை. இருபத்திரண்டு வயதில் பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்தார், பிறகு இன்னும் இரண்டு முறை. எங்கே விழுந்தாலும் பந்தை மீட்டுவிடுவார் என்று உலகமே பேசியது.

நம் நாட்டுக்கும் வரலாம். இந்திய ஓப்பன் போட்டி 1964-ல் தொடங்கியது. 1991-ல் அதை ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1993-ல் மறுபடியும் ஜெயித்தார். 2009-ல் ஜெயித்த முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். 2016, 2017 இரண்டு வருஷமும் ஜெயித்த எஸ்.எஸ்.பி. சௌராசியா, கல்கத்தாவின் அந்த 1829 கிளப்பில் புல் பராமரிப்பவரின் மகன். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, இரவல் மட்டைகளில் தானாகக் கற்றுக்கொண்டவர். 2008-ல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸில் ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்கள் வந்திருந்தபோது அத்தனை பேரையும் தாண்டிப் பட்டம் வாங்கினார். தூரமாக அடிக்கிற ஆள் இல்லை. குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவரை மிஞ்ச முடியாது, அதனால் அவருக்குக் கேலியாக ஒரு பட்டப்பெயரே உண்டு.

புல் பராமரிப்பவரின் மகன் என்றதும் நம் நெசவாளர் வீட்டுத் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

(வசதியான வீட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம் வந்து நம் எல்லாரையும் விடியற்காலையில் டி.வி. முன் உட்காரவைத்த அதிதி அசோக், ஐந்து வயதில் பெங்களூரில் அப்பா அம்மாவோடு காலைச் சிற்றுண்டி சாப்பிடப் போன இடத்திலிருந்து மைதானத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர். ரியோவில் அப்பா, டோக்கியோவில் அம்மா அவருக்குக் கேடியாக இருந்தார்கள். பெற்றவர்களே பையைத் தூக்குகிற காட்சி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.)

இப்போது அந்தப் பையனுக்கு என்ன வாங்குவது? படித்ததையும், விஷயம் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டதையும் வைத்து நான் சொன்னது இது.

வட்டிக்கு வாங்க வேண்டாம். பதினாலு வேண்டாம். ஐந்து போதும். மரம் என்று பெயர் இருந்தாலும் இப்போது உலோகத்தில் வருகிற தூர அடி மட்டை ஒன்று, அதுவும் தலை கொஞ்சம் சாய்ந்த ஐந்தாம் எண் மாதிரி. நேராக நிற்கிற டிரைவர் சின்னப் பையனுக்கு அடங்காது. ஏழாம் எண் அயன் ஒன்று. ஒன்பதாம் எண் ஒன்று. மணலிலிருந்து எடுக்கிற வெட்ஜ் ஒன்று. குழிக்குள் தள்ளுகிற பட்டர் ஒன்று (வெண்ணெய் இல்லை, ஆங்கிலத்தில் எழுத்து வேறு). ஆட்டத்தில் பாதிக்குப் பக்கம் அடிகள் இந்தக் கடைசி மட்டையில்தான் விழும், அதற்கு விலை அதிகம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

பழைய மட்டை தாராளமாக வாங்கலாம். அயன் மட்டை இருபது வருஷம் ஆனாலும் கெடாது. பார்க்க வேண்டியது மூன்று நான்குதான். தலை ஆடுகிறதா என்று திருகிப் பார்க்க வேண்டும். எஃகுத் தண்டில் துரு உள்ளே இறங்கியிருக்கிறதா, கரித் தண்டாக இருந்தால் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முகத்தில் இருக்கும் கோடுகள் தேய்ந்து வழவழ என்று ஆகியிருந்தால் வெட்ஜை மட்டும் வாங்கக் கூடாது. கைப்பிடி ரப்பர் போயிருந்தால் பரவாயில்லை, அதை மாற்றிக்கொள்ளலாம். உதகைப் பையன்களைப் போல சைக்கிள் டியூப் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. அது அளவு. பெரியவர்களுடைய மட்டையை அரை அடி வெட்டிப் பையனிடம் கொடுப்பது காலங்காலமாக நடக்கிறது. அப்படி வெட்டினால் நீளம் குறையும், ஆனால் தலையின் கனம் அப்படியே இருக்கும், தண்டும் விறைப்பாகிவிடும். பையன் அதை வீச முடியாமல் உடம்பை முறுக்கி அடிப்பான், அந்த முறுக்கு வழக்கமாகிவிடும், பின்னால் பத்து வருஷம் ஆனாலும் போகாது. நம் குழித்தறியில் பெரிய ஆள் உட்கார்கிற பள்ளத்தில் சின்னப் பையனை உட்காரவைத்தால் மிதி எட்டாமல் இடுப்பைச் சாய்த்தே நெய்து, வளர்ந்த பிறகும் சாய்ந்தே உட்காருவான். தாத்தாவுக்கு இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "கூன் விழுந்துடும்" என்று அவரே முடித்தார். பிள்ளைகளுக்கென்று வருகிற மட்டைகளை வயதை வைத்து வாங்காமல் உயரத்தை வைத்து வாங்க வேண்டும். பையன் உயரம் ஏற ஏற ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம், சின்னதானதை இன்னொரு பையன் வீட்டுக்கு விற்றுவிடலாம். பிள்ளைகள் மட்டையைத் தேய்ப்பதற்கு முன் வளர்ந்துவிடுகிறார்கள், அதனால் பழையதே புதிது மாதிரி கிடைக்கும். ஐந்தும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெண்களுக்கான பழைய மட்டைகள் கனம் குறைவு, ஐந்தடிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பையனுக்குக் கொஞ்சம் மட்டும் வெட்டினால் பொருந்தும்.

புதுப் பந்து வாங்கவே கூடாது. மைதானத்துக் குளத்தில் மூழ்கி எடுத்த பந்துகளைக் கழுவி விற்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர்கள் பயந்த தொகையில் ஒரு சின்னப் பங்கில் முடியும் போலிருந்தது. தாத்தா சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மட்டை சரி சார். உள்ள விடுவாங்களா?" என்றார்.

அதுதான் கேள்வி. முதலில் சொன்ன இரண்டு கிளப்புகளில் கையில் பிடிக்கிற கிளப் எப்படியாவது கிடைத்துவிடுகிறது. பந்து பொறுக்கி வாங்கலாம், இரவல் வாங்கலாம், குச்சியைச் செருகிக்கொள்ளலாம். இன்னொரு கிளப்புக்கு அப்படிக் குறுக்கு வழி கிடையாது. நம் நாட்டில் பல கிளப்புகளில் திங்கள்கிழமை உறுப்பினர்களுக்கு விடுமுறை, அன்று கேடிகளும் ஊழியர்களும் ஆடிக்கொள்ள விடுவார்கள். நம் ஆட்டக்காரர்களில் எத்தனையோ பேர் அந்தத் திங்கள்கிழமையில் உருவானவர்கள். மைதானங்களும் நிலையில்லை. கிண்டி பந்தயத் திடலின் குத்தகையை அரசு ரத்து செய்து 2024 செப்டம்பரில் நிலத்தை எடுத்துக்கொண்டபோது, உள்ளே இருந்த கோல்ஃப் மைதானத்தின் கதியும் கோர்ட்டுக்குப் போனது. அந்த நிலத்தில் ஏரியும் பூங்காவும் வருவது ஊருக்கு நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அங்கே பை தூக்கிப் பிழைத்தவர்களின் திங்கள்கிழமையும் கூடவே போய்விட்டது.

தாத்தாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனது. கரும்புத் தோட்டக் கூலிகள். நவம்பர் 16-ல் கரை சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அப்படிப் போனார்கள், மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக. போனவர்களில் நம் வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் ஏராளம். ஆரணி, போளூர், செய்யாறு எல்லாம் அன்று வட ஆற்காடுதான். அந்தப் பதிவேடுகளில் நம் ஊர்ப் பெயர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

அப்படிப் போன இந்தியர்களின் வம்சத்தில் டர்பனில் பிறந்தவர் பாப்வா செவ்கோலம். அவருடைய குடும்பம் வடநாட்டுப் பக்கத்திலிருந்து போனது, ஆனால் தோட்டம் அதே தோட்டம், குடிசை அதே குடிசை. எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன வயதில் மரக்கிளையைச் செதுக்கி மட்டை செய்துகொண்டு அடித்தார் என்று சொல்வார்கள். வெள்ளைக்காரர்களின் மைதானத்தில் கேடி. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் கையைத் தலைகீழாக மாற்றிப் பிடித்தார். வலக்கைக்காரர்கள் எல்லாரும் வலக்கையைக் கீழே வைப்பார்கள், இவர் இடக்கையைக் கீழே வைத்தார். எந்தப் பயிற்சியாளரும் திருத்தியிருப்பார், நல்ல வேளை யாரும் பார்க்கவில்லை.

அவர் பை தூக்கிய ஒரு வெள்ளைக்காரர், கிரஹாம் வுல்ஃப். நம் வீட்டுப் பெண்கள் முகத்துக்குப் போடுகிறார்களே, அந்த ஓலே எண்ணெயைக் கண்டுபிடித்தவர். அவர் இவருடைய ஆட்டத்தைப் பார்த்து அசந்து, தன் தொழிற்சாலையில் வேலை கொடுத்து, 1959-ல் தன் சொந்தச் சின்ன விமானத்தில் ஐரோப்பாவுக்கே அழைத்துப் போனார். அந்த வருஷம் டச்சு ஓப்பன் பட்டம் பாப்வாவுக்கு. 1960-லும், 1964-லும் மறுபடி. சொந்த நாட்டில்தான் ஆட விடவில்லை. நிறவெறி ஆட்சி.

பல மனுக்களுக்குப் பிறகு 1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனில் ஆட அனுமதித்தார்கள். ஆட மட்டும். கிளப் கட்டடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. பாப்வா அந்தப் போட்டியை ஜெயித்துவிட்டார். பரிசளிப்பு நேரத்தில் மழை. தோற்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் எல்லாரும் உள்ளே. ஜெயித்தவர் வெளியே, மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான விளையாட்டுப் புறக்கணிப்பைப் பற்றிப் பேசியவர்கள் பிறகு எத்தனையோ வருஷம் அந்தப் படத்தைக் காட்டினார்கள்.

1965-ல் அதே நேட்டால் ஓப்பனில், உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரைத் தோற்கடித்து மறுபடி ஜெயித்தார். அதற்குப் பிறகு அரசாங்கம் அவரை உள்நாட்டுப் போட்டிகளில் ஆட விடவில்லை. வெளிநாட்டுக்கும் போக முடியாதபடி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். 1978-ல் இறந்தபோது வயது ஐம்பதைத் தொடவில்லை, கையில் காசும் இல்லை. டர்பனில் உம்கேனி ஆற்றங்கரை நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்குப் பின்னால் அவர் பெயரை வைத்தார்கள்.

தாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு விஷயத்தைத் திருப்பிக் கேட்டார். "மழையில நின்னப்ப, கோப்பைய யாரு சார் கொடுத்தாங்க? உள்ளேருந்து ஒருத்தன் வெளிய வந்துதானே கொடுத்திருக்கணும்?" இதை நான் யோசித்ததே இல்லை.